அவசரச் சட்டமும் நகரசபையும்

ஒரு நகரத்துக்குள் கொள்ளைநோய் புகுந்தவுடன் அதன் பின்னாலேயே பயம் புகுகிறது. பயத்தின் பின்னால் சட்டம் வருகிறது. நோய் ஒரு நாள் நீங்கும். அதனோடு பயமும் நீங்கும். சட்டம் மாத்திரம் நீங்குவதில்லை. ஆபத்துக் காலத்தில் அவசர அவசரமாக எழுதப்பட்ட வாசகங்கள், ஆபத்து ஒழிந்து பல தலைமுறைகள் கழிந்த பின்னும் சட்டப் புஸ்தகத்தில் அப்படியே நின்று, அடுத்த ஆபத்தில் அடுத்த அதிகாரியின் கைக்கு ஆயுதமாய் வந்து சேர்கின்றன.

2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் பரவியபோது நமது தேசமெங்கும் அதிகாரிகள் எடுத்தாண்ட சட்டங்களுள் ஒன்று 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். 123 வருஷங்களுக்கு முன் ஓர் அன்னிய சர்க்கார் ஒரே வாரத்தில் இயற்றிய சட்டம் அது. அது எந்த நகரத்தின் கஷ்டத்தில் பிறந்தது, அதன் வாசகம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எடுக்கும்போது விடப்பட்ட வாசகம் எது என்பவற்றைப் பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறோம். ஆகவே அச்சரித்திரத்தைச் சற்று விரிவாகவே கூற எண்ணுகிறோம்.

மாண்ட்வியில் கண்ட நோய்

பம்பாய்த் துறைமுகத்தை அடுத்து மாண்ட்வி என்றொரு பகுதி உண்டு. தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். ஜன நெருக்கம் மிகுந்த இடம். 1896-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அங்கே விபரீதமான ஜுரம் கண்டு ஜனங்கள் மடிந்தனர். கோவாவைச் சேர்ந்த டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்ற வைத்தியர் அது பிளேக் என்று கண்டு சொன்னார். அவர் நகரசபை அங்கத்தினருமாவார். இரண்டு வருஷங்களுக்கு முன் ஹாங்காங்கைச் சூறையாடிய அதே மகாமாரி பம்பாய்க்கு வந்துவிட்டது.

1891-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி பம்பாயில் 8 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தனர். 1897-ம் வருஷம் பிப்ரவரி மாதத்துக்குள் அவர்களில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு வெளியேறிவிட்டனர் என்று கணக்கிட்டார்கள். ஆலைகளில் ஆள் இல்லை, கடைத்தெருக்கள் வெறிச்சோடின. நோய்க்கு அஞ்சி ஓடியவர் ஒரு பங்கு என்றால், நோயைத் தடுக்க வந்த அதிகாரிகளுக்கு அஞ்சி ஓடியவர் மற்றொரு பங்கு என்று சொல்வது மிகையாகாது.

434-ம் பிரிவு

1888-ம் வருஷத்துப் பம்பாய் முனிசிபல் சட்டத்தில் 434-ம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நகரத்தில் அபாயகரமான வியாதி பரவினாலும், பரவுமென்ற அச்சம் தோன்றினாலும், சாதாரணச் சட்டங்கள் போதாவென்று நகர கமிஷனர் கருதினால், அவர் சர்க்காரின் சம்மதத்தோடு விசேஷ நடவடிக்கைகளை எடுக்கலாம். ஜனங்கள் அனுசரிக்க வேண்டிய தாற்காலிக விதிகளை விளம்பரப்படுத்தலாம். இதுவே அப்பிரிவின் சாரம். அதிகாரம் பெரிதுதான். ஆயினும் அதே பிரிவின் அடியில் சிறியதொரு வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. தாம் எடுத்த நடவடிக்கைகளையும் செய்த விதிகளையும் கமிஷனர் உடனே நகரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பதே அது.

நேயர்கள் இச்சிறு வாசகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். அக்காலத்துப் பம்பாய் நகரசபை பூரண ஜனநாயக ஸ்தாபனமன்று. 72 அங்கத்தினரில் 36 பேரையே வரி செலுத்துவோர் வார்டுதோறும் தேர்ந்தெடுத்தனர். ஆலைத் தொழிலாளிக்கு வாக்கு என்ற பேச்சே இல்லை. எனினும் அந்த அரைகுறை ஸ்தாபனத்துக்காவது கணக்குச் சொல்ல வேண்டுமென்ற கடமை அவ்வதிகாரியின் தலைமீது இருந்தது.

கமிஷனர் ஸ்நோ இப்பிரிவின்கீழ் 1896-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி ஓர் அறிவிக்கை வெளியிட்டார். வீடுகளில் புகுந்து பார்க்கலாம்; சுத்தி செய்யலாம்; நோயாளிகளைப் பலாத்காரமாக ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லலாம். ஆஸ்பத்திரி என்றால் அக்காலத்து ஏழை மக்களின் மனத்தில் தோன்றிய சித்திரம் என்ன? போனவர் திரும்பாத இடம்; ஜாதி ஆசாரம் கெடும் இடம்; பெற்ற தாயும் பக்கத்தில் நிற்க முடியாத இடம். அந்தப் பயத்தைப் போக்க அறிவிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

பலன் மூன்று வாரங்களில் தெரிந்தது. அக்டோபர் 29-ந் தேதி சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினர். மறுநாளே அறிவிக்கை தளர்த்தப்பட்டது. வீட்டிலேயே ஒதுக்கி வைத்துச் சிகிச்சை செய்ய வசதியுள்ளவர்களைக் கொண்டுபோவதில்லை என்று ஏற்பட்டது. நகரின் துப்புரவுத் தொழிலாளரும் ஊரைவிட்டு ஓடிவிடுவரோ என்ற கவலை கமிஷனரைப் பெரிதும் வாட்டிற்று. அவர்கள் போய்விட்டால் பம்பாயில் மனிதர் வசிக்கவே இயலாதென்பதை அவர் உணர்ந்திருந்தார். ஜனங்களின் ஒத்துழைப்பில்லாத சட்டம் ஒரு மாதம்கூட நில்லாதென்ற உண்மையை ஒரு நகரம் இவ்விதம் சொந்த அனுபவத்தில் கற்றது. ஆனால் கற்ற பாடம் கல்கத்தாவுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு வாரத்தில் ஒரு சட்டம்

அக்காலத்தில் ராஜப்பிரதிநிதியின் சட்டசபை கல்கத்தாவில் கூடிற்று. 1897-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி ஜான் உட்பர்ன் என்னும் நிர்வாக அங்கத்தினர் தொற்றுநோய் மசோதாவைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 4-ந் தேதி அது சட்டமாயிற்று. இத்தனை அவசரத்துக்குப் பம்பாயின் துயரம் மாத்திரம் காரணமன்று. இந்தியக் கப்பல்களையும் சரக்குகளையும் தடுத்துவிடுவோம் என்று ஐரோப்பிய வல்லரசுகள் அச்சுறுத்தின. அவ்வருஷம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வெனிஸ் நகரில் பிளேக்கைப் பற்றியே ஒரு சர்வதேச சுகாதார மகாநாடு கூடிற்று. பிரிட்டிஷ் வர்த்தகத்துக்கு ஆபத்து வருமென்றவுடன் சட்டம் இயற்றும் இயந்திரம் அதிவேகமாகச் சுழன்றதில் ஆச்சரியம் இல்லை.

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் இரண்டு சட்டங்களின் வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் உண்மை விளங்கும். 1897-ம் வருஷத்துச் சட்டத்தின் 2-ம் பிரிவு, பம்பாய்ச் சட்டத்தின் 434-ம் பிரிவை ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது. வியாதி பரவுதல், சாதாரணச் சட்டம் போதாமை, நடவடிக்கை எடுத்தல், தாற்காலிக விதிகளை விளம்பரம் செய்தல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கமிஷனர் இருந்த இடத்தில் ராஜப்பிரதிநிதி வந்தார். நகரம் இருந்த இடத்தில் இந்தியா வந்தது. எந்த நபருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்பதும் புதிதாய்ச் சேர்ந்தது.

ஆனால் நகரசபைக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்ற அந்தச் சிறு வாசகம் எங்கே? காணோம். எந்தச் சபைக்கும் எவ்வித அறிக்கையும் வேண்டியதில்லை. அதன் ஸ்தானத்தில் வேறு இரண்டு ஷரத்துக்கள் வந்து உட்கார்ந்தன. விதிகளை மீறுவோரை இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ம் பிரிவின்படி தண்டிக்கலாம் என்பது 3-ம் பிரிவு. இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு எதைச் செய்தவர்மீதும் வழக்குத் தொடரக் கூடாது என்பது 4-ம் பிரிவு. மொத்தம் நான்கே பிரிவுகள். அபாயகரமான தொற்றுநோய் என்பது எது என்று விளக்கமில்லை. விதிகள் எத்தனை நாள் செல்லும் என்ற வரம்பில்லை. நஷ்ட ஈடு ஜனங்களின் உரிமை என்ற உறுதியில்லை. செலவைப் பற்றிய வாக்கியத்தில் கொடுத்தால் கொடுக்கலாம் என்ற அளவிலேயே அது நிற்கிறது. விதிகள் தாற்காலிகமானவையாம், விதி செய்யும் அதிகாரமோ நிரந்தரமானது!

புனாவின் கதை

அதன் விளைவு யாவரும் அறிந்ததே. 1897-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பம்பாய் நகரசபையை ஒதுக்கிவிட்டு, காடேக்கர் என்ற ராணுவத் தளபதியின் தலைமையில் பிளேக் கமிட்டி ஒன்றை நியமித்தனர். புனாவில் ராண்டு என்ற சிவில் உத்தியோகஸ்தர் தலைமை வகித்தார். ஆங்கிலச் சிப்பாய்கள் வீடு வீடாய்ப் புகுந்தனர். பூஜை அறை, சமையலறை, அந்தப்புரம் என்ற பேதம் பாராமல் தேடினர். பாத்திரம் பண்டங்கள் தெருவில் எறியப்பட்டன. பெண்களும் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். முறையிட ஜனங்கள் எங்கே போவது? கோர்ட்டின் கதவை 4-ம் பிரிவு அடைத்துவிட்டது. நகரசபையின் கதவை 2-ம் பிரிவு திறக்கவேயில்லை. எஞ்சியிருந்தது பத்திரிகை ஒன்றுதான்.

கேட்பாரில்லாத குறை கடைசியில் துப்பாக்கியின் வாய்மொழியாக வெளிப்பட்டது. ஜூன் 22-ந் தேதி, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவில், கணேஷ்கிண்ட் சாலையில் ராண்டும் அயர்ஸ்ட் என்ற ராணுவ உத்தியோகஸ்தரும் சுடப்பட்டனர். கொலையை நாம் புகழ்வதற்கில்லை. ஆனால் நியாயம் கேட்கும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, ஜனங்கள் பொறுமையாயிருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது ராஜதந்திரமும் ஆகாது. சாபேகர் சகோதரர்கள் தூக்குமேடை ஏறினர். அவ்வருஷம் செப்டம்பரில் லோகமான்ய திலகர் ராஜத்துவேஷக் குற்றஞ்சாட்டப்பட்டு 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அதே திலகர்தான் பிளேக் காலத்தில் புனாவை விட்டு ஓடாமல், ஹிந்துக்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்த முன்னின்றவர்!

சர்க்கார் அப்போதும் உடனே திருந்திவிடவில்லை. 1898-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி பம்பாய் மதன்புராவில் முஸ்லிம் நெசவாளர் வீடொன்றிலிருந்த பெண்ணைப் பரிசோதிக்க வந்தபோது பெருங்கலகம் மூண்டது.

எலியும் சட்டமும்

இவ்வளவு பலாத்காரத்தாலும் நோயாவது நின்றதா? இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைச் சுட்டதுபோல என்று நம்மவர் ஒரு பழமொழி சொல்வார்கள். பம்பாயில் நடந்தது அதனினும் விசித்திரம். அங்கே வீட்டைச் சுட்டார்கள், எலியைத் தேடவேயில்லை. சாக்கடைகளில் கார்பாலிக் திராவகத்தைக் கொட்டினர்; சுவர்களில் சுண்ணாம்பு அடித்தனர்; கூரையைப் பிரித்தனர்; மனித வாசத்துக்குத் தகாத வீடு என்பதைக் குறிக்கக் கதவில் மூன்று ஆங்கில எழுத்துக்களைப் பொறித்தனர். ஆனால் நோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்பதைப் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1898-ம் வருஷத்தில்தான் கண்டார். அதையும் அறிஞர் உலகம் ஏற்கப் பல வருஷங்கள் சென்றன. 1896 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் நமது தேசத்தில் பிளேக்கினால் மாண்டவர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்.

அக்காலத்து அதிகாரிகளின் அறியாமையைப் பரிகசிப்பதற்காக இதைக் கூறவில்லை. அன்றைய சாஸ்திரம் அவ்வளவுதான். புதிய வியாதி வரும்போது எந்தச் சர்க்காருக்கும் பூரண ஞானம் இராது. 2020-ம் வருஷத்திலும் முகக்கவசத்தைப் பற்றியும், நோய் காற்றின் மூலம் பரவுவதைப் பற்றியும் ஆரம்பத்தில் சொல்லப்பட்டவை பின்னால் மாறின. அரைகுறை அறிவோடு செய்யும் சட்டத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழி அதனுள்ளேயே இருக்க வேண்டும் என்பதே நாம் கூறவருவது. தவறு நேர்ந்ததென்று சொல்ல ஒரு சபை வேண்டும். அச்சபை கேட்க ஓர் அறிக்கை வேண்டும். திருத்தியே தீரும்படி செய்ய ஒரு கெடு வேண்டும். இவை மூன்றும் இல்லாத சட்டம், தவறான வழியில் புறப்பட்டால் தவறான வழியிலேயே ஓடும்.

அவசரம் குற்றமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். வீடு பற்றி எரிகையில் சட்டசபையில் விவாதம் நடத்திக்கொண்டிருப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நோயைப் பரப்பும் உரிமை எந்த மனிதனுக்கும் இல்லை. ஒதுக்கி வைக்கும் அதிகாரமும், வீட்டைச் சுத்தி செய்யும் அதிகாரமும், கூட்டங்களைத் தடுக்கும் அதிகாரமும் அதிகாரிகளுக்கு அவசியம் வேண்டும். அவை இல்லாத நகரம் தன் ஏழைகளையே முதலில் பலிகொடுக்கும். இதில் நமக்கு எட்டுணையும் சந்தேகமில்லை.

ஆனால் அவசரத்துக்கும் வரம்பின்மைக்கும் சம்பந்தமில்லை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டும் கொரோனா நோய்க்காக ஒரு சட்டம் செய்தது. மார்ச்சு 19-ந் தேதி மசோதா வந்தது. 25-ந் தேதி சட்டமாயிற்று. அதுவும் ஒரு வாரந்தான். ஆனால் அச்சட்டத்தின் பெரும்பகுதி இரண்டு வருஷங்களில் தானே காலாவதியாகும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை காமன்ஸ் சபையின் சம்மதத்தைப் பெற வேண்டுமென்றும் விதிக்கப்பட்டிருந்தது. அந்த ஏற்பாடும் போதாதென்று அந்நாட்டிலேயே குறை கூறியவர்கள் உண்டு. எனினும் ஒரு வாரத்தில் எழுதும் சட்டத்திலும் கெடுவுக்கும் கணக்குக்கும் இடமுண்டு என்பதற்கு அதுவே சாட்சி. லண்டன் தன் பிரஜைகளுக்காக எழுதியது அது. கல்கத்தா நமக்காக எழுதியது இது.

மிருதுவாக நடந்தால் நோய் பெருகிவிடும் என்பாருக்கும் சரித்திரத்திலேயே விடையிருக்கிறது. 1898-ம் வருஷத்தில் பிளேக் கல்கத்தாவை எட்டியபோது அம்மாகாணத்தின் லெப்டினண்ட் கவர்னராயிருந்தவர் வேறு யாருமல்லர். 1897-ம் வருஷத்து மசோதாவைக் கொண்டுவந்த அதே உட்பர்ன் துரை. அங்கேயும் மே மாதத்தில் வதந்திகள் பரவிக் கலகம் நடந்தது. அவர் புனாவின் வழியைப் பின்பற்றவில்லை. நோயாளிகளைப் பலவந்தமாகக் கொண்டுபோவதை நிறுத்தி, வீட்டிலேயே ஒதுக்கி வைக்க இடங்கொடுத்தார். 1899-ம் வருஷத்தில் ராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த தொண்டர்களும் சகோதரி நிவேதிதையும் சேரிகளில் இறங்கிக் குப்பை வாரினர். பம்பாயிலும் ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தமக்கு ஆஸ்பத்திரி அமைத்துக்கொண்ட பின்பே ஜனங்களின் பயம் தணிந்தது. நான்கு பிரிவுகளால் ஆகாத காரியம் நம்பிக்கையால் ஆயிற்று.

சென்னை காட்டிய வழி

சட்டம் இயற்றும் அதிகாரம் ஓரளவு நம்மவர் கைக்கு வந்தபோது என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை சென்னையில் ஆட்சி செய்த காலத்தில், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாயிருக்கையில், 1939-ம் வருஷத்து 3-வது சட்டமாகச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. நோய் வந்தபின் ஜனங்களை விரட்டுவதோடு அது நிற்கவில்லை. குடிதண்ணீர், சாக்கடை, ஆகாரம், தாய்சேய் நலம் என்று நோய் வருமுன் செய்யவேண்டிய கடமைகளையும் அது சர்க்கார் மீதும் ஸ்தல ஸ்தாபனங்கள் மீதும் சுமத்திற்று. முனிசிபாலிடிகள் தம் வருமானத்தில் 30 சதவிகிதத்துக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்கவேண்டுமென்றும் விதித்தது. ஜனங்களுக்கு உத்தரவிடுவது மாத்திரமல்ல, சர்க்காருக்கும் உத்தரவிடுவதே சுகாதாரச் சட்டம் என்ற கருத்து அதில் இருக்கிறது.

எனினும் 2020-ம் வருஷத்தில் தேசம் 1897-ஐயும் நாடிற்று. அவ்வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி அவசரச் சட்டமாகவும் செப்டம்பரில் நிரந்தரச் சட்டமாகவும் அதற்குத் திருத்தம் வந்தது. வைத்தியர்களையும் சுகாதார ஊழியர்களையும் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து உழைப்போருக்குப் பாதுகாப்பு வேண்டியதே, அதை வரவேற்கிறோம். ஆனால் அதிகாரத்துக்குக் கெடு விதிக்க அத்திருத்தம் முன்வரவில்லை. 2024-ம் வருஷம் பிப்ரவரியில் இந்திய சட்டக் கமிஷனும் தனது 286-வது அறிக்கையில், இச்சட்டத்தைத் தகுந்தபடி திருத்தவோ புதிய சட்டம் இயற்றவோ வேண்டுமென்று சிபாரிசு செய்தது.

கேட்கச் சபை இருந்ததா?

கடைசியாக, நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 434-ம் பிரிவின் அந்தச் சிறு வாசகம் 2020-ம் வருஷத்தில் சென்னைக்கும் இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். கமிஷனர் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். எந்த நகரசபைக்கு? சென்னை மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் காலம் 2016-ம் வருஷம் அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022-ம் வருஷம் பிப்ரவரியில்தான் நடந்தது. இடையே ஐந்து வருஷங்களுக்கு மேல் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தெருக்கள் தகரத்தால் அடைக்கப்பட்ட நாட்களிலும், அங்காடிகள் மூடப்பட்ட நாட்களிலும், ஒரு வார்டின் ஜனங்கள் தம் குறையைச் சொல்ல அவ்வார்டுக்கென்று ஒரு பிரதிநிதி இல்லை. 1896-ல் அன்னியர் ஆட்சியில் அடைபட்டிருந்த பம்பாய்க்கு 36 தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினராவது இருந்தனர். சுயராஜ்ய இந்தியாவில் சென்னைக்கு ஒருவரும் இல்லை. பம்பாய் நகரசபையும் பின்னால், 2022-ம் வருஷம் மார்ச்சு முதல் சில வருஷங்கள், அதிகாரியின் நிர்வாகத்தில் கிடந்தது. இதற்கு எந்த வெள்ளைக்காரனையும் நாம் குறைகூற முடியாது.

ஆகவே நகரங்களுக்கு அவசரச் சட்டம் எழுதுவோரிடம் ஜனங்கள் கேட்கவேண்டியவை ஐந்து. ஆபத்து என்பது எது, அதை அறிவிப்பவர் யார் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் கெடு வேண்டும். கெடு முடிந்தால் விதியும் முடிய வேண்டும். எடுத்த நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்கு உடனே அறிவிக்க வேண்டும். சபை இல்லாத நகரத்தில் அவ்வதிகாரமே செல்லக் கூடாது. அடைபட்டவனின் கூலிக்கும் அழிக்கப்பட்ட பொருளுக்கும் நஷ்ட ஈடு உரிமையாக வேண்டும். உத்தரவுகள் ஜனங்களின் பாஷையில், அவர்களுக்கு விளங்கும் நடையில் வெளியாக வேண்டும். அத்துமீறிய அதிகாரிமீது முறையிட ஒரு வழியும் இருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்க வேண்டிய காலம் நோய் வந்திருக்கும் காலமன்று. நோய் இல்லாத இக்காலமே. வீடு எரிகையில் கிணறு வெட்ட முடியாது. பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் தத்தம் நகரசபைக் கூட்டங்களுக்குச் சென்று, அடுத்த ஆபத்துக்கு என்ன சட்டம் தயாராயிருக்கிறதென்று கேட்க வேண்டும். நகரசபைத் தேர்தல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் அதைச் சிறு விஷயமென்று விட்டுவிடக் கூடாது. ஏனெனில் கணக்குக் கேட்கும் சபை இல்லையேல், எவ்வளவு நல்ல சட்டமும் கடைசியில் 1897-ம் வருஷத்துச் சட்டமாகவே முடியும்.